தீவாந்தர சிட்சையும் ஒரு குடும்பமும்

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டு, 1788 முதல் 1868 வரையிலான எண்பது ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆண், பெண், சிறுவர்களின் தொகை ஏறக்குறைய 1,62,000 என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் தாயகம் திரும்பவில்லை. அங்கேயே நிலம் பெற்று, விவாகம் செய்துகொண்டு, சந்ததி பெருக்கி, ஒரு தேசத்துக்கே மூதாதையர் ஆனார்கள். இதனைக் கண்டு வியப்பவர்களுள் ஒரு சாரார், தீவாந்தர சிட்சை கடுமையானதாயினும் மனிதர்களைத் திருத்தி வாழவைத்த ஏற்பாடு என்று ஒரு சித்தாந்தத்தையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சித்தாந்தத்துக்கு உதாரணம் கேட்டால் அவர்கள் எடுத்துக்காட்டும் பெயர்களில் முன் வரிசையில் நிற்பது ஹென்றி கேபிளின் பெயர்: மரணதண்டனையிலிருந்து தப்பிக் கைதியாகச் சென்று, சிட்னியில் தலைமைக் காவலராகவும் கப்பல் முதலாளியாகவும் உயர்ந்து, பதினொரு மக்களைப் பெற்று, எண்பது வயதைக் கடந்து வாழ்ந்தவர். அவருடைய கதையை ஊன்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறான அபிப்பிராயம். அந்தத் தண்டனையை நடத்தியவர்கள் தங்கள் விதிகளைத் தாங்களே மூன்று இடங்களில் கைவிட்டார்கள். அந்த மூன்று இடங்களில்தான் கேபிளின் குடும்பம் பிழைத்தது.

கேபிள் 1763-ல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து லாக்ஸ்ஃபீல்டில் பிறந்தவன். இருபது வயதை ஒட்டிய பருவத்தில், தன் தந்தையோடும் ஆபிரகாம் கார்மன் என்ற கூட்டாளியோடும் சேர்ந்து, அண்டை மாவட்டமான நார்ஃபோக்கில் ஆளில்லாத ஒரு வீட்டில் புகுந்து, கட்டிலில் தொங்கிய திரைச்சீலைகளையும் விடாமல், உப்பில் ஊறிக்கொண்டிருந்த இறைச்சியையும் விடாமல் வாரிக்கொண்டு போனான் என்பது குற்றச்சாட்டு. இறைச்சியையும் சேர்த்து எடுத்தவர்களின் வயிறு அப்போது எந்த நிலையில் இருந்தது என்று நியாயஸ்தலம் விசாரித்ததாகத் தெரியவில்லை. 1783-ல் தெட்ஃபோர்டில் மூவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குக் கயிற்றையே மருந்தாகக் கருதிய காலம் அது. தந்தையும் கார்மனும் தூக்கிலிடப்பட்டார்கள். மகனுடைய தண்டனை மட்டும் அமெரிக்காவுக்கு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அமெரிக்கக் குடியேற்றங்களோ அந்தச் சமயம் இங்கிலாந்தோடு போராடிப் பிரிந்துவிட்டிருந்தன. பிற நாட்டுக் கைதிகளை ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் அவை இல்லை. ஆகவே, அனுப்புவதற்கு இடமில்லாத ஆயிரக்கணக்கான கைதிகளுள் ஒருவனாக, அவன் நாரிச் கோட்டைச் சிறையில் நாட்களைக் கழிக்கலானான்.

அந்தச் சிறைக்கு 1784-ல் வந்து சேர்ந்தவள் சூசன்னா ஹோம்ஸ். எசமானர் வீட்டுத் துணிமணிகளையும் வெள்ளிக் கரண்டிகளையும் திருடியதாக அவளுக்கும் முதலில் மரணதண்டனை. பின்பு பதினான்கு ஆண்டு நாடு கடத்தல். சிறை என்றால் இன்று நாம் நினைப்பதுபோல ஆண்களும் பெண்களும் கண்டிப்பாகப் பிரித்து வைக்கப்பட்ட காலம் அல்ல அது. இருவரும் நேசம் கொண்டார்கள். சிறையிலேயே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கும் ஹென்றி என்றே பெயரிட்டார்கள். விவாகம் செய்துகொள்ள அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1786-ல் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்துக்குப் பெண் கைதிகளை அனுப்பும் உத்தரவு வந்தபோது, சூசன்னாவின் பெயர் அதில் இருந்தது. கேபிளின் பெயர் இல்லை. உடன் போக அவன் விடுத்த விண்ணப்பமும் தள்ளப்பட்டது.

இந்த இடத்தில்தான் ஜான் சிம்ப்சன் வருகிறார். நாரிச் சிறையின் பூட்டுத் திறவுகோல்களை வைத்திருந்த சாதாரணச் சிப்பந்தி அவர். பெண் கைதிகளைப் பிளிமத் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த 'டன்கர்க்' என்ற சிறைக் கப்பலில் ஒப்படைப்பது அவருக்கு இட்ட பணி. கிழக்குப் பகுதியிலுள்ள நாரிச்சிலிருந்து தென்மேற்கு மூலையிலிருக்கும் பிளிமத் வரை இங்கிலாந்தின் குறுக்கே நீண்ட பயணம் செய்து வந்து சேர்ந்தால், கப்பல் தலைவன், பட்டியலில் உள்ள பெண்ணை ஏற்றுக்கொள்வேன், பட்டியலில் இல்லாத குழந்தையை ஏற்க முடியாது என்று மறுத்துவிட்டான். பால்குடி மறவாத, ஐந்து மாதக் குழந்தை. தாயின் கையிலிருந்து அதைப் பிரித்தபோது அவள் உயிரை விட்டுவிடுவேன் என்று கதறியதாக அந்நாளைய பத்திரிகைச் செய்திகள் கூறின. சிப்பந்தி என்ன செய்திருக்கலாம்? ரசீதைப் பெற்றுக்கொண்டு, குழந்தையை அந்த ஊர்த் தர்மசாலை எதிலாவது விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். யாரும் அவரைக் குறை கூறியிருக்க முடியாது. அவரோ குழந்தையை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போகும் குதிரை வண்டியில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டு, வழியிலுள்ள சத்திரங்களில் இறங்கி இறங்கிப் பாலூட்டி, நேரே உள்துறை அமைச்சரின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

அமைச்சர் சிட்னி பிரபு. சிம்ப்சனை உள்ளே விடவில்லை. காரியதரிசியைப் பார்த்து உத்தரவு எழுதித் தருமாறு மன்றாடினார். அமைச்சரின் கையெழுத்துக்குச் சில நாட்கள் ஆகும் என்றார்கள். சிம்ப்சன் நகரவில்லை. அமைச்சர் மாடிப்படியில் இறங்கி வருவதைக் கண்டதும், கைக்குழந்தையோடு ஓடிப்போய் வழி மறித்து விஷயத்தைச் சொன்னார். பிரபுவின் உள்ளம் இளகிற்று. குழந்தை தாயிடம் சேரட்டும், தந்தையும் அவர்களோடு போகட்டும், விவாகமும் நடக்கட்டும் என்று அவ்விடத்திலேயே ஆணை பிறந்தது. சிம்ப்சன் மீண்டும் புறப்பட்டு, தந்தையையும் அழைத்துச் சென்று, மூவரையும் பிளிமத்தில் ஒன்று சேர்த்தார். குழந்தையோடு அவர் அலைந்த தூரம் ஏறக்குறைய 700 மைல் என்று பத்திரிகைகள் எழுதின. செய்தி பரவியதும் நாட்டில் இரக்கம் பெருகி, கேடகன் சீமாட்டியின் முயற்சியால் 20 பவுன் திரட்டப்பட்டு, புதிய நாட்டில் அவர்கள் குடித்தனம் தொடங்குவதற்கான துணிமணிகளும் பொருள்களும் வாங்கி ஒரு மூட்டையாகக் கப்பலேற்றப்பட்டன. இன்று உலகறிந்த மாநகரம் ஒன்று அந்த அமைச்சரின் பெயரால் வழங்குகிறது. மாடிப்படியில் அவரை மறித்த சிப்பந்தியின் பெயரால் அங்கே சந்தொன்று இருந்தாலும் தகும் என்பேன்.

1787 மே மாதம் 13-ஆம் தேதி பதினொரு கப்பல்கள் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டன. வழியில் கேப் டவுனில், செம்மறிகளுக்கும் பிற கால்நடைகளுக்கும் இடம் வேண்டுமென்று 'ஃபிரண்ட்ஷிப்' கப்பலிலிருந்த பெண் கைதிகளை வேறு கப்பல்களுக்கு மாற்றினார்கள். பெண்களைவிடச் செம்மறிகள் நல்ல துணை என்ற கருத்துப்பட அந்தக் கப்பலிலிருந்த ரால்ஃப் கிளார்க் என்ற இளம் அதிகாரி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தான். 1788 ஜனவரி 26-ஆம் தேதி சிட்னித் துறையில் இறங்கினார்கள். ஆளுநர் பிலிப்பைத் தோளில் சுமந்து கரை சேர்த்தவன் கேபிள்தான் என்று குடும்பத்தில் ஒரு கதை வழங்குகிறது. இத்தகைய கதைகள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. பிப்ரவரி 10-ஆம் தேதி, பாதிரியார் ரிச்சர்டு ஜான்சன் ஐந்து தம்பதிகளுக்கு விவாகம் செய்துவைத்தார். அவர்களுள் ஹென்றியும் சூசன்னாவும் இருந்தார்கள்.

ஆனால் அந்த மூட்டை வரவில்லை. அதை ஏற்றியிருந்த 'அலெக்சாண்டர்' கப்பலிலிருந்து சில புத்தகங்கள் மட்டும் கிடைத்தன; மற்றவை மாயமாய் மறைந்துவிட்டன. கப்பல் தலைவன் டங்கன் சின்கிளேர் பொறுப்பேற்க மறுத்தான். அப்போது இந்த இரு கைதிகளும் செய்த காரியம், இங்கிலாந்தில் செய்திருந்தால் சிரிப்பதற்கு மட்டுமே உதவியிருக்கும்: அவர்கள் கப்பல் தலைவன் மீது வழக்குத் தொடுத்தார்கள். மரணதண்டனை பெற்றவன், அத்தண்டனை பின்னர் குறைக்கப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் இறந்தவனே என்பது அக்காலத்து ஆங்கிலச் சட்டம். அவனுக்குச் சொத்துரிமை இல்லை, ஒப்பந்தம் செய்ய உரிமை இல்லை, நியாயஸ்தலத்தில் பிராது கொடுக்கவும் உரிமை இல்லை. அப்படியிருக்க, நீதி விசாரணை அதிகாரியாக இருந்த டேவிட் காலின்ஸ் இவர்களுடைய பிராதை ஏற்றுக்கொண்டார். வழக்கின் பத்திரம் இவர்களைக் கைதிகள் என்று சொல்லாமல், இவ்விடத்துப் புதிய குடிகள் என்று கூறிற்று. எழுதப் படிக்கத் தெரியாத கணவனும் மனைவியும் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறியிட்டார்கள். ஜூலை மாதத் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது: கப்பல் தலைவன் 15 பவுன் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலிய மண்ணில் நடந்த முதல் உரிமையியல் வழக்கு இதுவே. அதில் வென்றவர்கள் சட்டப்படி செத்துப் போனவர்கள்.

காலின்ஸ் கடற்படை வீரர் அணியில் அதிகாரியாக இருந்தவர். சட்டம் கற்றவர் அல்லர். கற்றிருந்தால் வழக்கைத் தள்ளியிருப்பார் என்று எண்ணுகிறேன். கண்டத்தின் ஓரத்தில் கூடாரமடித்து வாழ்ந்த ஆயிரம் பேர் கொண்ட ஒரு சமூகத்தில் பெரும்பாலோர் கைதிகள். அவர்களுடைய பொருளுக்குப் பாதுகாப்பு இல்லையென்றால் ஒருவனும் நிலத்தை உழமாட்டான் என்பதைப் புரிந்துகொள்ளச் சட்ட நூல் தேவையில்லை.

பின்னாளைய வரலாறு செழிப்பானது. கேபிள் மேற்பார்வையாளராக்கப்பட்டார், 1791-ல் காவலர், 1794-ல் தலைமைக் காவலர். நிலங்கள் கிடைத்தன. சாராயக்கடையும் விடுதியும் நடத்தினார். ஜேம்ஸ் அண்டர்வுட் என்ற, அவரைப் போலவே கைதியாக வந்த கப்பல் கட்டுபவரோடு கூட்டுச் சேர்ந்து, பாஸ் நீரிணையில் சீல் என்னும் கடற்பிராணிகளை வேட்டையாடி ஆயிரக்கணக்கில் தோலேற்றுமதி செய்தார். சிமியன் லார்டு என்ற மற்றொரு முன்னாள் கைதியும் இந்தக் கூட்டில் சேர்ந்தார். மனிதர் தவசி அல்லர். 1802-ல், வந்து நின்ற கப்பலிலிருந்து பன்றிகளை விதிக்கு மாறாக வாங்கி இறக்கியதற்காகத் தலைமைக் காவலர் பதவியை இழந்தார். 1807-ல் ஆளுநர் பிளைக்கு மரியாதைக் குறைவாக ஒரு கடிதம் எழுதியதற்காக மூன்று கூட்டாளிகளும் ஒரு மாதம் சிறையிலிருந்து தலைக்கு 100 பவுன் அபராதம் கட்டினார்கள். (மறு ஆண்டே, சிட்னியில் இறங்கி இருபது ஆண்டு நிறைந்த அதே ஜனவரி 26-ஆம் தேதி, படைவீரர்கள் பிளையையே கைது செய்தார்கள் என்பது சரித்திரத்தின் விளையாட்டு.) கூட்டு முறிந்து வழக்குகள் நீண்டன. 1811-ல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையிலுள்ள விண்ட்சருக்குக் குடிபெயர்ந்து, கடையும் மதுக்காய்ச்சும் சாலையும் வைத்தார். ஒரு மகன் சீனாவிலிருந்து கப்பலோட்டி வரும் வழியில் மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையரால் கொல்லப்பட்டான். மகள் டயானா கைதியாக வராத சுதந்திரக் குடியேறி ஒருவரை மணந்தாள். சூசன்னா 1825-ல் காலமானாள். கேபிள் 1846 வரை இருந்தார்.

இவரைத் தண்டனை திருத்திற்றா? கள்ளப் பன்றி வாங்கியவரைத் திருந்தியவர் என்று நான் சான்றிதழ் எழுதிக் கொடுக்கமாட்டேன். திருடனாயிருந்தவர் வியாபாரியானார், வியாபாரத்தில் அக்காலத்துச் சிட்னியின் பெரிய மனிதர்கள் செய்ததையே அவரும் செய்தார். அவரை நிலைநிறுத்தியவை மூன்று: மனைவி மக்களோடு சேர்ந்து போக முடிந்தது, முறையாக விவாகம் செய்துகொள்ள முடிந்தது, பொருள் பறிபோனபோது நியாயம் கேட்க முடிந்தது. மூன்றும் விதியின்படி மறுக்கப்பட வேண்டியவை. முதலிரண்டும் உண்மையில் மறுக்கப்பட்டே இருந்தன.

விதி தன் பிடியைத் தளர்த்தியது நிரந்தரமாக அன்று என்பதற்கும் சான்று உண்டு. அயர்லாந்தில் வழக்கறிஞராயிருந்து கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டு, மன்னிப்புப் பெற்றுச் சிட்னியில் வாழ்ந்த எட்வர்டு ஈகர், 1820-ல் நீதிபதி பேரன் ஃபீல்டு மீதே அவதூறு வழக்குத் தொடுத்தபோது, ஆளுநர் அளித்த மன்னிப்பு இங்கிலாந்து அரசரின் முத்திரையோடு உறுதிப்படாத வரையில் நீ வழக்குத் தொடுக்கத் தகுதியற்றவன் என்ற பழைய சட்டம் மீண்டும் தலைதூக்கிற்று. முப்பதாண்டுகளுக்கு மேலாக நிலம் வாங்கி விற்று, கடன் கொடுத்து, பிள்ளைகளுக்குச் சொத்தெழுதி வைத்திருந்த முன்னாள் கைதிகள் எல்லாரும் ஒரே நாளில் கதிகலங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தோடு ஈகரும் மருத்துவர் வில்லியம் ரெட்ஃபெர்னும் லண்டனுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. 1823-ல் நாடாளுமன்றம் சட்டமியற்றிய பிறகே அந்த அச்சம் நீங்கிற்று. தண்டனை முடிந்தாலும் தண்டிக்கப்பட்டவன் என்ற பெயர் முடியாது என்னும் மனோபாவம் இருந்தது. அதன் எதிரொலியாகத்தான், தங்கள் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்பதைச் சொல்ல ஆஸ்திரேலியக் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை கூசின. 1882-ல் சிட்னியின் கார்டன் பாலஸ் என்ற மாளிகை எரிந்து, அங்கிருந்த குடிக்கணக்குப் பதிவுகள் சாம்பலானபோது, உள்ளூர மகிழ்ந்தவர்கள் பலர் என்று ஒரு வதந்தி உண்டு. இப்போது காற்று மாறி வீசுகிறது. முதற் கப்பல்களில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் 1968-ல் சங்கமே அமைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெருமிதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கேபிளுக்கு அளிக்கப்பட்ட நிலம் வெறும் நிலமன்று. சிட்னித் துறையைச் சுற்றி வாழ்ந்த கடிகல் மக்களும் ஹாக்ஸ்பரிக் கரையின் தாருக் மக்களும் தலைமுறை தலைமுறையாக ஆண்ட இடங்கள் அவை. கப்பல்கள் வந்த மறு ஆண்டிலேயே, 1789-ல், பெரியம்மை அந்த மக்களை வாரிக்கொண்டு போயிற்று. ஹாக்ஸ்பரிக் கரையில் சோளம் விளைந்த வயல்களுக்காகப் பல ஆண்டுகள் இரத்தம் சிந்தப்பட்டது. தன் மூட்டைக்காக நியாயஸ்தலம் ஏறிப் பதினைந்து பவுன் பெற்ற கேபிளுக்குத் திறந்த கதவு, நாட்டையே இழந்தவர்களுக்குத் திறக்கவில்லை. ஒருவனுடைய மறுவாழ்வுக்கு அரசு தன் கையிலிருந்து விலை கொடுக்காமல், அங்கே முன்பே இருந்தவர்களின் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்பதை மறைத்துவிட்டுப் பாட்டனைப் போற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

இதே சாம்ராஜ்யம் நம் நாட்டவரையும் தீவாந்தரம் அனுப்பியது. சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பலேற்றப்பட்ட கைதிகள் பென்கூலனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சாலை போட்டார்கள். சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவர்கள் உழைப்பால் எழுந்தது. 1873-ல் அந்நகரத்துக் கைதிச்சாலை மூடப்பட்ட பின்பும் பலர் அங்கேயே தங்கினார்கள். ஆயினும் கேபிளைப் போலப் பெயர் சொல்லி, ஆண்டு சொல்லி, பிள்ளைகளை எண்ணி ஒரு குடும்ப வரலாறு எழுதும்படியாக அவர்களுள் எத்தனை பேர் நமக்குக் கிடைக்கிறார்கள்? அவர்கள் வேலைத்திறனில் குறைந்தவர்கள் அல்லர். மனைவியும் மக்களும் ஊரில் நிற்க, தனி ஆளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். அவர்களுக்காக எந்தச் சிப்பந்தியும் எந்த மாடிப்படியிலும் காத்திருக்கவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். சிறையிலுள்ள தாயோடு குழந்தை ஆறு வயது வரை இருக்கலாம் என்றும், சிறையில் பிறக்கும் குழந்தையின் பிறப்புப் பதிவில் சிறையைப் பிறந்த இடமாகக் குறிக்கக் கூடாது, அந்தப் பகுதியின் விலாசத்தை மட்டுமே எழுத வேண்டும் என்றும் நம் உச்ச நீதிமன்றம் 2006-ல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் நெறி வகுத்தது. நாரிச் கோட்டையில் பிறந்த சிறு ஹென்றிக்கு இத்தகைய சட்டம் இருந்ததில்லை; நம் குழந்தைகளுக்கு இருக்கிறது என்பதில் நியாயமான பெருமை கொள்ளலாம். ஆனால் குடும்பம் என்பது தாயும் கைக்குழந்தையும் மட்டும் அன்று. தொலைவிலுள்ள சிறையில் கணவனைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து மாறி மாறிப் போய், கம்பிக்கு அப்பால் சில நிமிஷங்கள் நின்று திரும்பும் பெண்ணையும், தகப்பன் முகம் மறந்துபோகும் ஏழு வயதுப் பிள்ளையையும் அந்த நெறி தொடவில்லை. பரோல் விண்ணப்பங்களும் நேர்காணல் நேரங்களும் சலுகை என்ற பெயரில் வழங்கப்படுவதால், மறுப்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதுவதில்லை. இதைச் சீர்செய்யப் பெரிய சட்டங்கள் வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. தண்டனை பெற்ற ஒருவனை எந்த ஊர்ச் சிறைக்கு அனுப்புவது என்று கோப்பில் எழுதும் அதிகாரி, அவனுடைய மனைவி மக்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் அதே கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்து, அதற்கு விடை எழுதாமல் கையெழுத்திட முடியாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டாலே தொடங்கிவிடலாம்.